மாருதி 800-ம் மூன்று லட்ச ரூபாயும்

கார்ப் பந்தயம் என்றாலே அது பணக்கார வீட்டுப் பிள்ளைகள் சமாச்சாரம், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள்தான் எங்கள் ரெட்டியார்சத்திரத்தில் அதிகம். டீக்கடையில் நான் இந்தப் பேச்சை எடுத்தால், "ரிட்டயர் ஆனதும் அண்ணனுக்குப் பொழுது போகலை போல" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். காய்கறி விலை, மழை, அரசியல் என்று மாறி மாறி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. தவிர, இதை எழுத ஒரு காரணமும் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை.

1976-ல் ஐ.டி.ஐ. முடித்த கையோடு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் டர்னராகச் சேர்ந்தேன். லேத் வேலை. வாரம் முழுக்க இரும்புத் தூளும் கூலண்ட் ஆயில் வாடையும். ஞாயிற்றுக்கிழமை கையில் இருக்கிற காசுக்குள் என்ன பொழுதுபோக்கு உண்டோ அதுதான். எங்கள் ஃபோர்மேன் ஒரு கார்ப் பைத்தியம். அவர்தான் ஒரு பிப்ரவரி மாதத்தில் எங்கள் நாலைந்து பேரை ரெட்ஹில்ஸ் தாண்டி சோழவரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

சோழவரம் என்றால் சென்னைக்காரர்களுக்கு ஏரி ஞாபகம் வரும். எங்களுக்கு அது விமான ஓடுதளம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்டது. போர் முடிந்து சும்மா கிடந்த அந்தத் தளத்தில்தான், 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தி வந்தது. நிழல் என்று ஒரு மரம் கிடையாது. தடுப்பு என்று பார்த்தால் வைக்கோல் கட்டும் பழைய டயரும்தான். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பட்டாணி கொறித்துக்கொண்டு, சாயங்காலம் வரை நின்றோம். இரண்டு நாள் காதில் ரீங்காரம் போகவில்லை.

அங்கே இரண்டு விதமான வண்டிகள் வரும். கோண்டல் மகாராஜா மாதிரி ஆட்கள் வெளிநாட்டிலிருந்து இறக்கிய தாழ்வான பந்தயக் கார்கள் ஒரு விதம். 80-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்ஸைன் என்ற ஃபார்முலா ஒன் காரையே அங்கே கொண்டுவந்து ஓட்டினார். இன்னொரு விதம், நம் தெருவில் ஓடுகிற அதே ஃபியட் 1100, அம்பாசடர், ஹெரால்டு. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது விதம்தான். சிலர் வீட்டிலிருந்து அதே காரை ஓட்டிக்கொண்டு வருவார்கள். வந்ததும் பம்பரைக் கழற்றுவார்கள், பின் சீட்டைத் தூக்கி ஓரமாக வைப்பார்கள், ஸ்டெப்னியை இறக்குவார்கள், ஹெட்லைட் கண்ணாடி சிதறாமல் இருக்க டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவார்கள். பந்தயம் முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக்கொண்டு, அதே காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். பின் சீட்டில் ஒரு அம்மாள் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சாமான் இறக்குமதி செய்வது லேசான காரியம் இல்லை. அதனால் இங்கே கிடைப்பதை வைத்துத்தான் எல்லாம். கார்புரேட்டர் ஜெட்டைக் கொஞ்சம் பெரிதாக்குவது, ஹெட்டை லேசாகச் சீவி கம்ப்ரெஷனைக் கூட்டுவது, புகைக்குழாயைச் சுருக்குவது. எல்லாம் எங்கள் மாதிரிப் பட்டறையில் முடிகிற வேலை. "இதுல நம்ம கைக்கு எட்டாதது ஒண்ணுமில்லடா" என்று ஃபோர்மேன் சொன்னபோது எனக்கு வயது இருபது. அந்த வயதில் அப்படி ஒரு வார்த்தை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாததா.

எனக்குப் பந்தயம் ஓட்டும் ஆசையெல்லாம் இல்லை. ஆனால் வேலை மாறி 1985-ல் கோயம்புத்தூர் வந்த பிறகு, இந்த விஷயம் என்னை விடாமல் பின்னாலேயே வந்தது. காரணம், எஸ். கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் நினைத்திருந்தால் தனக்கு மட்டும் ஒரு வெளிநாட்டுக் காரை இறக்கி ஓட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் செய்தது வேறு.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது நினைவிருக்கும். மூன்று சிலிண்டர், 796 சிசி, சுமார் 37 குதிரைத் திறன். ஊரெல்லாம் அந்த எஞ்சின், எந்த மெக்கானிக்குக்கும் அத்துப்படி, சாமான் எங்கும் கிடைக்கும். கரிவரதன் அந்த எஞ்சினை எடுத்து, இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூட்டுக்குள் ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து, மேலே ஃபைபர் மூடி போட்டு, ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் கார் செய்தார். 80-களின் கடைசியில் அதுதான் 'ஃபார்முலா மாருதி' என்று வந்தது. எல்லாருக்கும் ஒரே எஞ்சின், ஒரே மாதிரி வண்டி. பணம் உள்ளவன் கூடுதலாக எதையும் வாங்கிச் சேர்க்க முடியாது. ஓட்டத் தெரிந்தவன் ஜெயிப்பான்.

இங்கிலாந்தில் 1967-ல் ஃபார்முலா ஃபோர்டு என்று தொடங்கியதும் இதே யோசனைதான். கடையில் விற்கிற கார்ட்டினா எஞ்சின், சாதாரண டயர், காரின் விலை ஆயிரம் பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்று விதி. நம் ஊரில் அதைச் செய்துகாட்டியவர் கரிவரதன். கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதியில் பழகித்தான் பிறகு 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போனார். நடிகர் அஜித்குமாரும் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்தான். கரிவரதன் 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

இனி இந்தப் பதிவின் காரணத்துக்கு வருகிறேன்.

2015-ல் ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்டேன். எங்கள் ஊர் திண்டுக்கல் – பழநி சாலையில் இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரைக் கூட்டம் போகிற சாலை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லாரி போகிற சாலை. ராத்திரி பதினொன்றுக்கு மேல் வேறொரு போக்குவரத்தும் உண்டு. சைலன்சரைப் பிடுங்கிய இரண்டு பைக், மூன்று பைக், சில நாள் ஒரு கார். நின்ற இடத்திலிருந்து ஒன்றாகக் கிளம்பி, குறிப்பிட்ட பாலம் வரைக்கும் யார் முதலில் என்று. வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தால் கியர் மாற்றுகிற சத்தத்தை வைத்தே யார் ஜெயித்தான் என்று சொல்லிவிடலாம்.

இரண்டு வருடம் முன்பு பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் அப்படிப் போனவன் திரும்பவில்லை. பத்தொன்பது வயது. எதிரே காய்கறி இறக்கிவிட்டுக் காலியாக வந்த வேன். அவனுடைய அப்பாவும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. துக்கத்துக்குப் போனபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேகமாப் போகாதடான்னு சொன்னேன், போறதுக்கு வேற எடம் காட்ட எனக்குத் தெரியலையே" என்றார். நான் பதில் சொல்லவில்லை. என்ன பதில் இருக்கிறது?

பொதுச் சாலையில் பந்தயம் ஓடுவது குற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவு. மாநில அரசின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஓடினால் முதல் தடவையே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பையன்களுக்கு இது தெரியும். தெரிந்துதான் ஓடுகிறார்கள்.

எங்கள் வீட்டிலேயே ஒருவன் இருக்கிறான். என் தங்கையின் பேரன். இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். 2025 ஜனவரியில் அஜித்குமார் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து அவனுக்கு ராத்திரித் தூக்கம் இல்லை. ஆனால் அவன் கேட்டது அந்த மாதிரிப் பந்தயம் இல்லை. 'டிராக் ரேஸ்' என்றான்.

தெரியாதவர்களுக்காக: டிராக் ரேஸ் என்பது வளைவே இல்லாத பந்தயம். நேர் கோடு. இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு பச்சையானதும் கிளம்ப வேண்டும். கால் மைல், அதாவது 402 மீட்டர். நம் தலைமுறைக்குச் சொன்னால் இரண்டு பர்லாங். அவ்வளவுதான், அரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். இது அமெரிக்காவில், கலிபோர்னியாப் பக்கம் வளர்ந்த விளையாட்டு. போர் முடிந்து வந்த இளவட்டங்கள் பழைய கார்களைக் கழற்றி மாட்டித் தெருவில் ஓட்டி உயிரை விட்டுக்கொண்டிருந்தார்கள். 1950-ல் சாண்டா அனா என்ற ஊரில் விமான ஓடுதளத்தில் ஓடச் சொன்னார்கள். அடுத்த வருடம் வாலி பார்க்ஸ் என்பவர் இதற்கென்று ஒரு தேசியச் சங்கமே தொடங்கினார். பையன்களைத் தெருவிலிருந்து தளத்துக்கு இழுப்பதுதான் அவர்கள் சொன்ன நோக்கம். சோழவரத்திலும் அதே விமானத் தளம்தான். பந்தயத்துக்கும் பழைய விமானத் தளத்துக்கும் அப்படி ஒரு ராசி.

பேரன் ஒரு நாள் சாயங்காலம் நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். "தாத்தா, உங்க டெபாசிட்ல இருந்து மூணு லட்சம் கடனாக் குடுங்க. வேலைக்குப் போனதும் திருப்பித் தந்துடறேன்" என்றான். நோட்டில் பட்டியல். பழைய கார் ஒன்று, டர்போ, பெரிய இன்ஜெக்டர், வெளிநாட்டு கிளட்ச், என்னென்னவோ. பையன் ஏமாற்றுகிறவன் இல்லை. பட்டியல்தான் அவனை ஏமாற்றிக்கொண்டிருந்தது.

லேத்தில் நாற்பது வருடம் நின்றவன் என்ற முறையில் அவனை உட்காரவைத்துச் சொன்னேன். "டேய் தம்பி, எஞ்சின் ஒரு சங்கிலிதான். ஒரு கண்ணியைப் பலமாக்கினா அடுத்த கண்ணி அறுந்துபோகும்." டர்போ போட்டால் சூடு ஏறும், ஹெட் கேஸ்கட் போகும். அதைச் சரிசெய்தால் பிஸ்டன் தாங்காது. பிஸ்டனை மாற்றினால் கிளட்ச் பிளேட் வழுக்கும். நல்ல கிளட்ச் போட்டுப் பிடிமானம் வந்தால் கியர் பல் உடையும். கியரும் தாங்கினால் ஆக்ஸில் மூட்டு முறியும். எல்லாம் தாங்கினால் டயர் தரையைப் பிடிக்காமல் நின்ற இடத்தில் சுற்றிப் புகை கிளப்பும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள். அவன் எழுதிய மூன்று லட்சம் சுண்டைக்காய்க்கு மட்டும். சுமைகூலியை அவன் எழுதவே இல்லை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கால் மைலைக் கடக்கும் நேரம், வண்டியின் எடையைக் குதிரைத் திறனால் வகுத்தால் வருகிற எண்ணின் கனமூலத்தோடு போகிறது. கனமூலம் என்றதும் ஓடிவிடாதீர்கள். சாரம் இதுதான்: நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டுமானால் எஞ்சின் பலத்தை 37 சதவீதம் கூட்ட வேண்டும். நேரத்தைப் பாதியாக்க எட்டு மடங்கு பலம் வேண்டும். பணம் எட்டு மடங்கோடு நிற்காது. முதல் ஐந்தாயிரத்தில் கிடைக்கிற லாபம், அடுத்த ஐம்பதாயிரத்தில் கிடைக்காது. பேரன் அந்தச் சூத்திரத்தை எழுதி, ஓட்டுபவனோடு சேர்த்து மாருதி 800-க்குப் போட்டுப் பார்த்தான். இருபது விநாடிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. முகம் தொங்கிவிட்டது. "இருபது விநாடியில எல்லாரும் சிரிப்பாங்க தாத்தா."

இந்த இடத்தில்தான் ஒரு விஷயத்தை நான் சொல்ல வேண்டியிருந்தது. அவனுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிற சாதாரண ஆட்கள் பெரும்பாலும் ஓடுவது 'பிராக்கெட்' என்ற முறையில். ஓடுவதற்கு முன்னாலேயே, என் வண்டி இவ்வளவு விநாடியில் போகும் என்று கண்ணாடியில் எழுதி ஒட்டிவிட வேண்டும். என் மாருதிக்கு 20.5 விநாடி, பக்கத்தில் நிற்கிற பெரிய காருக்கு 14 விநாடி என்று வையுங்கள். எனக்கு ஆறரை விநாடி முன்னாலேயே பச்சை விளக்கு விழும். அவர் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு அவர் துரத்தி வருவார். இரண்டு பேரும் எழுதிய நேரத்தில் சரியாகப் போனால், கோட்டில் ஒன்றாகத்தான் சேருவோம். யாருக்குப் பச்சை விழுந்ததும் கால் சீக்கிரம் எழுந்ததோ அவருக்கு வெற்றி. அதிலும் ஒரு பூட்டு உண்டு (திண்டுக்கல்காரன் பூட்டைச் சொல்லாமல் இருக்க முடியுமா). சுலபமாக ஜெயிக்கலாம் என்று நேரத்தைக் கூட்டி எழுதிவிட்டு, எழுதியதைவிட வேகமாகப் போனால் தோற்றதாகக் கணக்கு.

இதில் மூன்று லட்சத்துக்கு வேலையே இல்லை பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஓடுகிற வண்டி வேண்டும். எந்த வண்டி ஒரே மாதிரி ஓடும்? டர்போவும் கம்ப்யூட்டரும் வைத்து முறுக்கிய வண்டி வெயிலுக்கு ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி ஓடும். கம்பெனி போட்ட எஞ்சினை நோண்டாமல், பிளக், ஆயில், ஃபில்டர் மட்டும் ஒழுங்காக மாற்றி, டயர் காற்றை ஒரே அளவில் வைத்து, டேங்கில் ஒரே அளவு பெட்ரோலோடு கிளம்பினால் அது கடிகாரம் மாதிரி ஓடும்.

நம் ஆட்களுக்கு இது புதிதா என்ன? தெற்கே தேனி, மதுரைப் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று பிரித்துத்தானே ஓட்டுகிறோம். தேன்சிட்டு கன்றைக் கொண்டுபோய்ப் பெரிய மாட்டோடு யாரும் விடுவதில்லை. மேற்கே கொங்குப் பக்கம் ரேக்ளா என்றால் 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் வைத்து நேரத்தைக் குறிக்கிறார்கள். அது அப்படியே டிராக் ரேஸ்தான், எஞ்சினுக்குப் பதில் காளை. எங்கள் ஊர் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் இரண்டையும் பார்த்திருக்கிறேன். என் தாய்மாமா உழவுக்கு வைத்திருந்த மாட்டையே பூட்டி ஓட்டினார். இன்று ரேக்ளாவுக்கென்றே வளர்க்கிற காளை லட்சங்களில் விலை போகிறது. உழவு மாட்டுக்காரன் வேலிக்கு வெளியே நின்று கை தட்டுகிறான். காரிலும் அதுதான் நடக்கும், நடந்துகொண்டும் இருக்கிறது.

அதைத் தடுக்க மற்ற ஊர்களில் என்னென்ன செய்து பார்த்திருக்கிறார்கள் என்று படித்தால் சுவாரசியமாக இருக்கும். அமெரிக்காவில் சில மண் தடங்களில் ஒரு விதி உண்டு. ஜெயித்தவருடைய எஞ்சினை, தோற்றவர் முன்கூட்டி நிர்ணயித்த விலைக்குக் கேட்டால் கொடுத்தாக வேண்டும்! விலை மலிவாக வைத்திருப்பார்கள். அப்புறம் யார் அதில் பணத்தைக் கொட்டுவான்? இதை எங்கள் டீக்கடையில் சொன்னபோது, "அப்படீன்னா நல்ல மாட்டை வீட்ல விட்டுட்டு மச்சினன் மாட்டைத்தான் பூட்டிக்கிட்டுப் போவான்" என்றார் ஒருவர். அதுவும் சரிதான். அங்கேயே 2006-ல் தொடங்கிய ஒரு பந்தயத்தில் கார் 500 டாலருக்கு மேல் பெறக்கூடாது என்று விதி. ஆனால் பாதுகாப்புச் சாமான்கள், அதாவது குழாய்க் கூண்டு, பெல்ட், சீட், பிரேக் ஆகியவை அந்த 500-ல் சேராது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. மலிவாகச் செய்ய வேண்டியது எது, மலிவு பார்க்கக்கூடாதது எது என்று ஒரே வரியில் பிரித்துவிட்டார்கள்.

பேரனுக்கு நான் மூன்று லட்சம் கொடுக்கவில்லை. அறுபத்தைந்தாயிரம் என்று எல்லை போட்டேன். அவன் அம்மா, "மாமா, நீங்களே இப்படிப் பண்ணலாமா" என்று என் மேல் கோபத்தில் ஒரு வாரம் பேசவில்லை. அவளுக்குப் பயம். எனக்கும் பயம்தான். பக்கத்து ஊரில் பார்த்துவிட்டு வந்த பயம். அதனால்தான் முடியாது என்று சொல்லாமல் எல்லை போட்டேன். அவனிடம் மூன்று நிபந்தனை சொன்னேன். ராத்திரி பழநி ரோட்டுப் பக்கம் போகக்கூடாது. அனுமதி வாங்கி, ஆம்புலன்ஸ் நிறுத்தி, வண்டியைச் சோதித்துவிட்டு விடுகிற இடத்தில் மட்டும்தான் ஓட வேண்டும். கழற்றிய கார் பொதுச் சாலையில் ஒரு அடி உருளக்கூடாது, மினி லாரியில்தான் ஏற வேண்டும்.

ஒட்டன்சத்திரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கார்புரேட்டர் வைத்த பழைய 800 நின்றிருந்தது. தகரம் துருப்பிடித்து, ஆனால் கம்ப்ரெஷன் மூன்று சிலிண்டரிலும் சமமாக இருந்தது. முப்பத்திரண்டாயிரத்துக்கு முடித்தோம். மாட்டுக்கொட்டகையில் மாடு இல்லாமல் பத்து வருடமாகக் காலியாகக் கிடந்த பாதியில் நிறுத்தினோம். எஞ்சினில் கை வைக்கவில்லை. வால்வு கிளியரன்ஸ், பாயிண்ட், பிளக், கிளட்ச் கேபிள், புது பெட்ரோல் டியூப், பிரேக் முழுக்கப் புதிது. பிறகு கழற்றத் தொடங்கினோம். கழற்றியது ஒவ்வொன்றையும் கடலை மூட்டை நிறுக்கிற தராசில் வைத்து நோட்டில் எழுதினான். பின் சீட்டு, பக்கத்து சீட்டு, ஸ்டெப்னி, ஜாக்கி, தரை விரிப்பு, கதவு உள் அட்டை, இரண்டு பம்பர், எப்போதோ செத்துப்போன ஏசி. மொத்தம் 78 கிலோ. டர்போ கேட்டவன், விரிப்புக்குக் கீழே ஒட்டியிருந்த தாரை உளி வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தான். "தாத்தா, இது மட்டும் நாலு கிலோ தேறும்" என்று அவன் கொட்டகையிலிருந்து கத்தியபோது, அவன் அம்மா முதல் தடவையாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

குழாய்க் கூண்டில்தான் எங்களுக்குச் சண்டை. அவன் மெல்லிசான குழாய் போதும் என்றான். நான் காயலான் கடைக் குழாயைத் தொடவே விடவில்லை. தையல் இல்லாத புதுக் குழாய் வாங்கி, திண்டுக்கல்லில் எனக்குத் தெரிந்த வெல்டரை வீட்டுக்கே வரவழைத்து, நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை வாங்கினேன். அதற்கும் பெல்ட்டுக்கும் ஹெல்மெட்டுக்கும் சேர்த்து ஆன செலவு கிட்டத்தட்ட காரின் விலை. எல்லையைக் கொஞ்சம் தாண்டிவிட்டது. அந்த அமெரிக்க விதியைச் சொல்லி, இது கணக்கில் சேராது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் மினி லாரியில் ஏற்றி, காய்கறி லாரிகள் நிறுக்கிற எடை மேடைக்குக் கொண்டுபோனோம். கார் வாங்கிய அன்று இதே மேடையில் நிறுத்தபோது 640 கிலோ. இப்போது லாரியின் காலி எடையைக் கழித்தால் 590. கழற்றியது 78, கூண்டு கூட்டியது 28. ஐம்பது கிலோ குறைந்ததில் கணக்குப்படி அரை விநாடி லாபம், எஞ்சினில் மூன்று குதிரைத் திறன் கூட்டியதற்குச் சமம். அதற்கு ஆன செலவு ஒரு ஸ்பேனர் செட்டும் நாலு ஞாயிற்றுக்கிழமையும். "கூண்டு மட்டும் இல்லைன்னா 562 தாத்தா" என்றான் மெதுவாக. நான் கேட்காத மாதிரி இருந்தேன்.

எடை மேடைக்காரர் கண்ணாடி ஜன்னல் வழியாக லாரி மேலே நிற்கிற காரை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே ஒரே ஒரு சீட்டு, சுற்றிக் குழாய், முன்னால் பம்பர் இல்லை. சீட்டு அடிக்கிற மிஷினில் கை வைத்துக்கொண்டு, "சரக்கு என்னன்னு போட?" என்று கேட்டார்.

பேரன் என்னைப் பார்த்தான். பிறகு அவரிடம், "பழைய இரும்புன்னு போடுங்கண்ணே" என்றான்.